கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பேக்கிங்

நம் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். "புதுசா கடை போட்டிருக்கவங்களுக்கு உபயோகமா இருக்குற மாதிரி எழுதுங்கண்ணே" என்றார். உபயோகம் என்றால், ஒரு பழைய வண்டியில் கெட்டுப்போன இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்றுவது எப்படி என்று எழுதலாம். ஆனால் அதற்கு நீங்கள் என்னிடம் வர வேண்டியதில்லை. கைப்பேசியில் தேடினால் யாரோ ஒருவர் பின்னணியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் இறக்கி ஏற்றிக் காட்டிவிடுகிறார். அவர் கையில் எந்த போல்ட்டும் துருப்பிடித்து முறிவதில்லை. கொடுத்து வைத்தவர்.

அன்னவாசலில் முப்பத்தெட்டு வருடம் பட்டறை வைத்திருந்தேன். முதுகு இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் போன வருடம் மூடினேன். இத்தனை வருடத்தில் எத்தனை இன்ஜின் இறக்கினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை ஏற்றிய விதத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளில் நான் நடந்துகொண்ட விதத்தில்தான் குறை. நாலைந்து வருடத்துக்கு முந்தைய சங்கதி இது.

எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் நான்கு வேன்களையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் மூத்ததற்குப் பதினான்கு வயது. வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டியவர் செல்லையா. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். ஏறும் பிள்ளைகளின் பெயர் மட்டுமில்லாமல், யாருக்கு வண்டியில் வாந்தி வரும், யாரை ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும் என்பது வரை அவருக்குத் தெரியும். அந்த வண்டியின் குணமும் அவருக்குத்தான் அத்துப்படி. அதில் இரண்டாவது கியர் நேராக விழாது. மூன்றாவதை லேசாகத் தொட்டு, ஏமாற்றித்தான் இரண்டாவதைப் போட வேண்டும். செல்லையாவின் கை அதைத் தானாகச் செய்யும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, குடுமியான்மலை தாண்டி வரும்போது அந்த வேனின் இன்ஜின் பூட்டிக்கொண்டது. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். சத்தம் மாறியதுமே செல்லையா கிளட்சை மிதித்து, வண்டி ஓடிய வேகத்திலேயே ரோட்டை விட்டு ஓரம் கட்டியிருக்கிறார். பின்னால் மணல் லாரி வந்துகொண்டிருந்ததாம். பிள்ளைகளை இறக்கி, இரண்டு முறை எண்ணி, பக்கத்தில் இருந்த பெட்டிக்கடை நிழலில் உட்கார வைத்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.

நான் போய்ப் பார்த்தேன். முன்பக்கத்துப் புல்லியில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினேன். ஒரு நூல்கூட அசையவில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். எண்ணெய் சரியான அளவில் இருந்தது. எண்ணெய் குறையாமல் இருந்தும் இன்ஜின் பூட்டிக்கொண்டது என்றால், கீழே இருக்கும் எண்ணெய் மேலே ஏறவில்லை என்று அர்த்தம். ஏன் ஏறவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் பள்ளிக்கூடத் தாளாளர் அம்மா காரில் வந்து இறங்கிவிட்டார்.

அந்த அம்மா முன்பு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். கேள்வி கேட்டால் பதில் ஒரு வரியில் வர வேண்டும்.

"என்னங்க சவரிமுத்து, என்ன ஆச்சு?"

"ஆயில் ஏறாம இன்ஜின் ஜாம் ஆயிருச்சும்மா."

"அது முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்மா. ஆயில் லைட்டு எரியும்."

"எரிஞ்சா என்ன செய்யணும்?"

"வண்டிய நிப்பாட்டிரணும்."

நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. மூன்றே பதிலில் ஒரு மனிதரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்பது அந்த அம்மா செல்லையா பக்கம் திரும்பியபோதுதான் உறைத்தது.

"லைட் எரிஞ்சுச்சா செல்லையா?"

"எரிஞ்சுச்சுங்கம்மா."

"எரிஞ்சும் ஓட்டிட்டு வந்தீங்களா? இத்தன பிள்ளைங்கள வச்சுக்கிட்டு? பின்னாடி லாரி வந்து அடிச்சிருந்தா அவங்க அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லையா தரையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் எனக்கு போன் செய்திருந்தார். "ஆயில் லைட்டு திடீர்னு எரியுதுண்ணே. ஆஃப் பண்ணிப் போட்டா அணைஞ்சிருது." நான் அப்போது வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "ஆயில் லெவல் இருக்குல்ல? இருந்தா ஒண்ணும் பயமில்ல. சுவிட்ச் கோளாறாத்தான் இருக்கும். ஓட்டுங்க, சனிக்கிழம கொண்டாங்க, பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

ஆக, லைட் எரிந்தும் ஓட்டச் சொன்னவன் நான். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எதற்கு, பிறகு அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தம்பிகளே, உங்களுக்கும் இந்தச் சமாதானம் தோன்றும். பிறகு சொல்வது முதலில் சொல்வதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். ஒவ்வொரு மணி நேரமும் அது கனத்துக்கொண்டே போகும்.

கிளம்பும்போது தாளாளர் அம்மா என்னிடம் சொன்னார்: "திங்கக்கிழமை காலைல கமிட்டி கூடுது. என்ன காரணம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க. இவரோட கவனக்குறைவுன்னா இனிமே பிள்ளைங்க வண்டில இவர வச்சுக்க முடியாது."

அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கும் செல்லையாவுக்கும் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் கவனக்குறைவு என்று ஒரு பள்ளிக்கூடம் அனுப்பிய டிரைவரைச் சுற்றுவட்டாரத்தில் வேறெந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது. அவர் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

பழைய இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யப் பத்து நாள் ஆகும். திங்கட்கிழமை மூன்று ஊர்ப் பிள்ளைகள் ரோட்டில் நிற்பார்கள். எனவே திருச்சியில் பழைய இரும்புக் கடையில், விபத்தில் சிக்கிய அதே ரக வண்டியின் இன்ஜின் ஒன்றைப் பிடித்தேன். கையால் சுற்றிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ரசீதோடு வாங்கி வந்தேன். ரசீதை மறந்துவிடாதீர்கள். புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் எஃப்.சி. சோதனை நாளில் வண்டியோடு நீங்களும் நிற்பீர்கள். மற்றபடி ஸ்பேனர் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சனிக்கிழமை காலை செல்லையா பட்டறைக்கு வந்துவிட்டார். வண்டி பட்டறையில் நின்றால் டிரைவரும் கூட இருப்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் அன்று வர வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. டீசல் ஊற்றிய தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கழற்றிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இறக்கிய இன்ஜினை நம் தொழிலில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சங்கிலியில் தூக்கி அப்படியே ஓரம் தள்ளினால், அடுத்து இரும்புக் கடைக்குத்தான் போகும். அன்றைக்கும் அப்படியே போயிருக்கும். ஆனால் வாங்கி வந்த இன்ஜினின் அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டி, நாம் சம்ப் என்கிறோமே, அதன் வடிவம் வேறாக இருந்தது. இந்த வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பழைய இன்ஜினின் சம்ப்பையும், அதற்குள் எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் கழற்றிப் புதியதில் மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. என்னோடு வேலை செய்த இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நானே பழைய இன்ஜினைப் புரட்டிப் போட்டுச் சம்ப்பைக் கழற்றினேன்.

குழாயின் வாயில் இருக்கும் சல்லடை மேல் உள்ளங்கை அளவுக்கு ஏதோ தோல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். பிளாஸ்டிக் தாள். விரலால் எண்ணெயை வழித்தேன். தங்க நிறத்தில் ஒரு சிலுவை தெரிந்தது. அதன் கீழே இரண்டு மோதிரம். அதற்கும் கீழே 'அமலி' என்று எழுத்து.

அமலி என் மகள்.

சங்க மலரை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவில் ஓர் அட்டை வைப்போம். அதுதான் பேக்கிங். கடையில் கிடைக்கும். கிடைக்காதபோது நாமே வெட்டிக்கொள்வோம். அதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி ஒன்று வராது. கனமாக இருக்கும், எண்ணெயில் ஊறி நன்றாகப் படிந்துகொள்ளும். இரும்பின் மேல் அட்டையை வைத்து விளிம்பு நெடுகச் சுத்தியலால் தட்டினால் அச்சு எடுத்த மாதிரி அறுந்து வரும். போல்ட் துளை மேல் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் வட்டமாக ஓட்டை விழும். இந்த ஜில்லாவில் பழைய பட்டறை எதற்குப் போனாலும் மூலையில் ஒரு கட்டுப் பத்திரிகை கிடக்கும். ஊரில் நடந்த கல்யாணமெல்லாம் எங்கள் வண்டிகளுக்குள் இருக்கிறது என்று கேலி பேசுவோம்.

என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் ஐம்பது, அறுபது மிச்சமாகிவிட்டது. அவற்றைப் பட்டறைக்குக் கொண்டு வந்தேன். அந்த வேனின் இன்ஜின் பக்கவாட்டில் கையகல மூடி ஒன்றிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. திருச்சிக்குப் போய்ப் பேக்கிங் வாங்கி வர ஒரு நாள் ஆகும், பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்று, ஒரு பத்திரிகையை எடுத்துத் தட்டினேன். வெறும் மூடிதானே என்று நடுப்பகுதியை வெட்டி எடுக்கக்கூட இல்லை. முழுசாக வைத்து மூடினேன். கசிவு நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பழைய காலத்துப் பத்திரிகை வெறும் அட்டை. இப்போதெல்லாம் பளபளப்புக்காக மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி விடுகிறார்கள். அமலிதான் ஆசைப்பட்டு அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தாள். நானும் அச்சகத்தில் தடவித் தடவிப் பார்த்து மெச்சினேன். சூடான எண்ணெயில் அந்தத் தாள் எட்டு மாதம் ஊறி, அட்டையை விட்டு உரிந்து, தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும், லைட் எரியும். நிறுத்தினால் விலகிவிடும், லைட் அணையும். செல்லையா போனில் சொன்னது அப்படியே இதுதான். சுவிட்ச் கோளாறு என்று நான் சொன்னது முழுப் பொய்யாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். செல்லையா போல்ட் கழுவிக்கொண்டிருந்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை தானாகப் போனது. ஆனால் பையில் போட்ட பிறகு யோசித்தேன், நிறையவே யோசித்தேன். நான்கு வண்டி போய்விடும். பேர் போய்விடும். தன் மகள் பத்திரிகையை வைத்து இன்ஜினைக் கெடுத்தவன் என்று அன்னவாசல் முழுக்கச் சிரிக்கும். அந்த மூன்றாவதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

சாயங்காலம் கையைக் கழுவும்போது மெதுவாகக் கேட்டேன்.

"செல்லையா, நான் செவ்வாக்கிழம போன்ல சொன்னத நீங்க ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவர் சோப்புத் தூளைக் கையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "சொன்னா நம்பவா போறாங்க? தப்பிக்கிறதுக்கு மெக்கானிக்க மாட்டி விடுறான்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தாண்ணே அது சொல்லு."

என்னைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் பேச்சு எடுபடாது என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. நான் "சரி, பாப்போம்" என்றேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்று செல்லையா அவசரப்பட்டார். எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் கையோடு கொண்டு வந்திருந்தார். நான் விடவில்லை. டீசலை அடைத்து வைத்து, வெறுமனே சுற்ற விட்டு, எண்ணெய் மேலே ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ராகு காலம் வந்தா வரட்டும். எண்ணெய் ஏறாம நான் தொட விட மாட்டேன்." எண்ணெய் விஷயத்தில் நான் அவ்வளவு கறாரான ஆள் என்பதைப் பட்டறையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது.

நாலரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தன்னை விட்டுப் போகவிருந்த வண்டிக்குச் செல்லையா தன் கையாலேயே சூடம் காட்டினார். நான் என் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயில் லைட் அணைந்தது. சக்கரம் பழத்தை நசுக்கியது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.

தாளாளர் அம்மா வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் பேப்பரைக் கேட்டார். காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். 'ஆயில் சல்லடை அடைபட்டதால் எண்ணெய் ஓட்டம் நின்று இன்ஜின் பழுதானது' என்று ஒரே வரி, கீழே கடை முத்திரை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அடைத்தது எது, அதை உள்ளே வைத்தது யார் என்பது மட்டும் இல்லை. யார் மேலும் பழி போடவில்லை, கமிட்டிக்காரர்கள் என்ன முடிவு செய்தாலும் அது அவர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். அந்த அம்மா படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பட்டறைக்கு வெளியே கியர் கரகரவென்று அரைபடும் சத்தம். பிள்ளைகளோடு அந்த வேன் நின்றது. ஓட்டி வந்தவர் புதியவர்.

"அண்ணே, செகண்ட் கியர் விழவே மாட்டேங்குது. இன்ஜின் மாத்துனீங்களே, அதுல ஏதாச்சும் இடிக்குதா?"

"இடிக்கல. தேர்டத் தொட்டுட்டு வாங்க, விழும். செல்லையா எங்க?"

"கமிட்டி முடிவாகுற வரைக்கும் வர வேணாம்னுட்டாங்களாம். எனக்குக் காலைல ஆறு மணிக்குத்தான் சொன்னாங்க."

மூன்றாவதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடிபட மூன்று முறை ஆயிற்று. வண்டி போன பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இத்தனை வருடமாக அந்த வண்டி என் பட்டறை வாசலில் அப்படிச் சத்தம் போட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாளாக வராத வெட்கம் அந்தக் கியர் சத்தத்தில்தான் வந்தது. தாளைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பத்து மணிக்குக் கமிட்டி. அதற்கு முன்பே தாளாளர் அம்மாவின் அறைக்குள் நுழைந்தேன்.

மேசை மேல் தாளை விரித்து வைத்தேன். தாளாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல இருக்கு?"

"அதுதாம்மா."

"நான் வந்திருந்தேனே, ஆவூர் கோயிலுக்கு. இத எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க?"

"இதுதாம்மா அந்தச் சல்லடைய அடச்சது."

அட்டை வெட்டியதிலிருந்து செவ்வாய்க்கிழமை போன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்த பிறகு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்து எங்கிட்ட அந்தப் பேப்பரக் குடுக்கும்போது இது எங்க இருந்துச்சு?"

"என் பையிலதாம்மா."

"அட்டையில தப்பு நடந்தது சரி. யாருக்கும் நடக்கும். இத ரெண்டு நாளு பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க பாருங்க, அதுக்கு என்னங்க சொல்றீங்க?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என்ன அட்டை, எந்த இடத்தில், யார் வைத்தது, லைட் எரிகிறது என்று டிரைவர் என்றைக்குச் சொன்னார், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா என் எதிரிலேயே செல்லையாவுக்கு போன் செய்தார். "நாளைக்குக் காலைல வண்டிய எடுத்துக்கங்க. பிள்ளைங்க முன்னாடி பேசிட்டேன், தப்புத்தான். பிள்ளைங்க முன்னாடியே அதையும் சொல்லிடுறேன்." மறுநாள் அப்படியே செய்தார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் மூன்று வேன்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மூத்த வேன் மட்டும் என்னிடமே வந்தது. செல்லையா தாளாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "இந்த ஒரு வண்டிய அவரே பாக்கட்டுங்கம்மா. இனிமே அவரு இதுல தப்பு விட மாட்டாரு" என்றாராம். எவ்வளவு கூர்மையான கணக்கு பாருங்கள். அந்த வண்டி பட்டறைக்குள் நுழைந்தால் அதற்குப் பிறகு நான் போன்கூட எடுக்க மாட்டேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை வண்டியோடு வந்த அவரிடம், "செல்லையா, நான் உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். "ஃபேன் பெல்ட்ட ஒருக்கா பாத்துருங்கண்ணே, கீச்சுன்னு சத்தம் வருது" என்றார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

நீங்கள் அட்டை வெட்டாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. இப்போது எல்லாப் பேக்கிங்கும் கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறது. திறந்து பார்க்கும் முன் காரணம் சொல்லாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வருவதை வண்டிக்காரர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். டிரைவர் சொல்லும் சின்ன விஷயத்தை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாதிக் காதில் கேட்காதீர்கள். உங்கள் தப்பு கையில் கிடைத்தால் அதைச் சட்டைப் பைக்குள் மட்டும் போடாதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் செல்லையா மனைவியோடு பட்டறைக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் மஞ்சள் தடவிய உறை. மகளுக்குப் பொன்னமராவதியில் கல்யாணம். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று வாங்கினேன். பத்திரிகையை உருவிப் பார்த்தேன். நல்ல கனம், ஆனால் பளபளப்பு இல்லை.

செல்லையா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "சாதா அட்டைதாண்ணே. மேல ஒண்ணும் ஒட்டல. அச்சாபீஸ்ல நகத்தால சொரண்டிப் பாத்துட்டுத்தான் அடிக்கச் சொன்னேன்."

அவர் மனைவி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முதலில் சிரித்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத ஸ்பேனர் ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.